ரிப்பேருக்கு எவ்ளோ ஆகும்னு ஏன் யாராலயும் ஃபோன்ல சொல்ல முடியல?

நீங்க கேட்டது இதுதான். அஞ்சு வருஷ லேப்டாப், நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிச்சு, காலைல பவர் பட்டனை அமுக்கினா ஒண்ணுமே இல்ல, சார்ஜிங் லைட் கூட எரியல. மூணு கடைல விசாரிச்சாச்சு, ஒருத்தர் 800 ரூபாங்கறார், இன்னொருத்தர் 4,500, மூணாவது இடத்துல 12,000. பொருள் ஒண்ணு, கம்ப்ளைண்ட் ஒண்ணு, ரேட்டு மட்டும் எப்படி மூணு, இதுல யாரு ஏமாத்துறாங்க?

போர்டு லெவல் சர்வீஸ்ல, அதாவது போர்டுல எந்த குட்டி பார்ட் போச்சுன்னு தேடி மாத்துற வேலைல, ரொம்ப வருஷமா உக்காந்திருக்கறவன்ங்கற முறைல சொல்றேன், மூணு பேருமே நேர்மையா சொல்லியிருக்க முடியும். அது எப்படின்னா அந்த மெஷினுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்தாதான் புரியும், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சார்ஜர்ல இருந்து வர்ற 19 வோல்ட் நேரா ப்ராசஸருக்கு போறதில்ல. ஜாக் வழியா நுழைஞ்சு ரெண்டு மாஸ்ஃபெட்டை (கரண்டை விடவும் நிறுத்தவும் செய்யற குட்டி ஸ்விட்ச்) தாண்டி மெயின் லைனுக்கு வரும், அங்க சார்ஜிங் ஐசின்னு ஒரு சிப் இருந்து இது சரியான அடாப்டர்தானா, உள்ள விடலாமான்னு பாக்கும். மெயின் லைன்ல இருந்து முதல்ல 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ரெடியாகணும், நீங்க பட்டனையே தொடலன்னாலும் இந்த ரெண்டும் இருந்துட்டே இருக்கும். அந்த 3.3லதான் ஈசின்னு நாங்க சொல்ற குட்டி கன்ட்ரோலர் உயிரோட இருக்கு, நீங்க பட்டனை அமுக்குறது அதுக்குத்தான் போய் சேருது. அது சிப்செட்டை எழுப்பும், அப்புறம் டிடிஆர்4 ரேம்னா அதுக்கு 1.2 வோல்ட், கடைசியா ப்ராசஸர் கோருக்கு கிட்டத்தட்ட 1 வோல்ட், முன்னாடி உள்ளது சரியா வந்தாதான் அடுத்தது வரும், நடுவுல ஒண்ணு வரலன்னா மொத்தமும் அப்படியே நின்னுடும். இப்ப பாருங்க, அடாப்டர் ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருந்தாலும் மெஷின் டெட், ஜாக் லூஸா இருந்தாலும் டெட், 19 வோல்ட் லைன்ல கடுகு சைஸ் செராமிக் கெப்பாசிட்டர் (கரண்டை கொஞ்சம் சேத்து வெச்சு வோல்டேஜை சீரா வெக்கற பார்ட்) ஒண்ணு ஷார்ட் ஆனாலும், அதாவது உள்ள ரெண்டு முனையும் ஒட்டிகிட்டாலும், டெட், ஈசி போனாலும் டெட், ப்ராசஸருக்கு சப்ளை குடுக்கற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனாலும் டெட். வெளில இருந்து பாக்கற உங்களுக்கு எல்லாமே ஒண்ணுதான். ஆனா முதல்ல சொன்னதுக்கு வேற அடாப்டர் வாங்கினா முடிஞ்சது, கடைசில சொன்னதுக்கு போர்டையே மறந்துட வேண்டி வரலாம்.

நீங்க ஃபோன்ல சொல்றது "ஆன் ஆகல சார்" அவ்ளோதான். ரேட்டு இருக்கறது எந்த பார்ட் போச்சுங்கறதுல. அதை கண்டுபிடிக்கறதுதான் இந்த தொழில்ல பெரிய வேலையே, மாத்துறது பல நேரத்துல பத்து நிமிஷம். போர்வெல் போடுறவர்கிட்ட கேட்டுப் பாருங்க, அடிக்கு இவ்வளவுன்னு சொல்வார், பைப்புக்கு இவ்வளவுன்னு சொல்வார், எத்தனை அடில தண்ணி வரும்னு மட்டும் வாயே திறக்க மாட்டார், நாமளும் அதுக்காக அவரை திட்டுறதில்ல. எங்ககிட்ட மட்டும் எல்லாரும் தண்ணி எத்தனாவது அடின்னு முதல்லயே கேக்குறாங்க.

அந்த ஷார்ட் கெப்பாசிட்டரையே எடுத்துக்குவோம். அதோட விலை ஒரு டீக்கு கூட வராது. ஆனா அந்த லைன்ல அதே மாதிரி கெப்பாசிட்டர் நெறைய பக்கத்து பக்கத்துல நிக்கும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேரலல், அதாவது எல்லாத்தோட ரெண்டு முனையும் அதே ரெண்டு லைன்லதான், மீட்டர் வெச்சா எல்லாத்துலயும் ஷார்ட்னுதான் காட்டும். அதனால பவர் சப்ளைல இருந்து சின்ன வோல்டேஜா, 1 வோல்ட் மாதிரி வெச்சு, உள்ள கரண்ட் விடணும், எது சூடாகுதுன்னு தெர்மல் கேமரால பாக்கணும், கேமரா இல்லாத கடைல போர்டு மேல ஐபிஏங்கற சீக்கிரம் ஆவியாகற ஆல்கஹாலை ஊத்தி எந்த இடத்துல முதல்ல காயுதுன்னு பாப்பாங்க. அதிர்ஷ்டம் இருந்தா உடனே தெரியும். இல்லன்னா அரை நாள் போகும். ரெண்டுலயும் மாத்தின பார்ட் ஒண்ணேதான், பில்லுல என்னன்னு எழுதறது?

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு, ஒரு ஃபால்ட்டுக்கு பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கறது. ப்ராசஸர் பக்கத்துல இருக்கற மாஸ்ஃபெட் ஜோடில மேல் பக்கத்து மாஸ்ஃபெட் ஷார்ட் ஆச்சுன்னா, 19 வோல்ட்டும் அப்படியே 1 வோல்ட் போக வேண்டிய லைனுக்குள்ள பாஞ்சிடும். அடாப்டர் ஓவர்லோடுன்னு கட் ஆகும், லைட் எரியாது, நீங்க சொன்ன அதே அறிகுறி. மாஸ்ஃபெட் ஷார்ட்னு மீட்டர்லயே தெரிஞ்சிடும், விலையும் கம்மிதான், மாத்திடலாம். ஆனா அந்த 19 வோல்ட் பாஞ்சப்ப ப்ராசஸர் தப்பிச்சதா போச்சான்னு மாஸ்ஃபெட்டை மாத்தி ஆன் பண்ணி பாத்தாதான் தெரியும். மீட்டர்ல பாத்து சொல்லலாமேன்னு கேப்பீங்க, ப்ராசஸர் கோர் லைன்ல நல்ல நிலைமைலயே ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி, ஒரு ஓம் பக்கத்துலயோ அதுக்கும் கீழயோ கூட காட்டும், அது ஷார்ட்டா இல்ல அதோட இயல்பான்னு பிரிச்சு சொல்றது ஈஸி இல்ல. இப்ப வர்ற பெரும்பாலான லேப்டாப்ல ப்ராசஸரை போர்டுலயே சால்டர் பண்ணித்தான் வெச்சிருக்காங்க, பழைய மாதிரி கழட்டி வேற போட்டு பாக்கவும் வழி இல்ல. அப்ப எஸ்டிமேட் எப்படி சொல்றது? "சார் 2,000 ஆகும், இல்லன்னா முடியவே முடியாது"ன்னு சொன்னா கஸ்டமர் நம்மள ஒரு மாதிரி பாக்குறார். ஆனா அதுதான் உண்மை.

தண்ணி பட்ட போர்டுக்கு நான் ரேட்டே சொல்றதில்ல. டீ காபி கொட்டினது இன்னும் மோசம், சக்கரையும் பாலும் சிப்புக்கு அடில போய் உக்காந்துக்கும், பேட்டரில கரண்ட் இருக்கற வரைக்கும் உள்ள அரிச்சுகிட்டே இருக்கும். இன்னைக்கு சரி பண்ணி குடுத்தா அடுத்த மாசம் வேற ஒரு இடத்துல பச்சை பூத்து நிக்கும், அவர் என்னமோ நான்தான் கெடுத்தேன்னு வருவார். (அரிசில போட்டு வெச்சேன்னு சொல்றவங்களுக்கு, அந்த ரெண்டு நாள் அரிப்புக்கு நீங்க குடுத்த எக்ஸ்ட்ரா டைம், வேற பிரயோஜனம் இல்ல.)

அப்ப மொபைல் டிஸ்ப்ளேக்கு மட்டும் எப்படி ஃபோன்லயே பட்டுனு ரேட் சொல்றாங்கன்னு கேட்டா, அங்க தேடுற வேலையே இல்லையே. கீழ விழுந்துச்சு, கண்ணாடி ஒடைஞ்சிருக்கு, உங்க கண்ணுக்கே தெரியுது. மாடல் பேரை சொன்னா காம்போ (கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேந்தது) விலை, அதுக்கு மேல கூலி. அதுலயும் ஒரிஜினல் காம்போவா, காப்பியா, ஓஎல்இடி வந்த மாடலுக்கு எல்சிடி காம்போ போடுறாங்களான்னு ஆயிரக்கணக்குல வித்தியாசம் வரும். 2021ல ஐஃபோன் 13 வந்தப்ப வெளில டிஸ்ப்ளே மாத்தினா ஃபேஸ் ஐடி வேலை செய்யாம போச்சு, பழைய டிஸ்ப்ளேல இருக்கற குட்டி சிப்பை எடுத்து புதுசுல வெச்சு சால்டர் பண்ணணும்னு ஆச்சு, ஒடைஞ்ச கண்ணாடிய மாத்துற வேலை திடீர்னு மைக்ரோஸ்கோப் வேலையா மாறிடுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் ஆப்பிளே அதை சாஃப்ட்வேர் அப்டேட்ல சரி பண்ணிட்டாங்க, ஆனா நடுவுல அந்த கொஞ்ச நாளைக்கு ரேட் சொன்ன கடைக்காரன் நெலமைய நெனச்சு பாருங்க. இப்படி பார்ட்ஸை மெஷினோட பூட்டி வெக்கறதுக்கு எதிரா அமெரிக்கால ஓரிகன் மாநிலம் 2024ல சட்டமே போட்டாங்க.

டிவி கதை வேற. எல்இடி டிவில சவுண்டு வருது படம் இல்லன்னா, இருட்டுல டார்ச் அடிச்சு ஸ்க்ரீனை பாருங்க, மங்கலா படம் ஓடுறது தெரிஞ்சா பேக்லைட் போச்சுன்னு அர்த்தம். உள்ள குட்டி குட்டி எல்இடிங்க சீரீஸ்ல, ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா போகுது, ஒண்ணு ஓப்பன் ஆனா, அதாவது உள்ள இணைப்பு அறுந்தா, அந்த வரிசையே அணைஞ்சிடும், பாதுகாப்புக்காக எல்இடிக்கு கரண்ட் குடுக்கற டிரைவர் சர்க்யூட் மத்ததையும் சேத்து நிறுத்திடும். போன ஒரு எல்இடிய மட்டும் மாத்தினா செலவு ஒண்ணுமே இல்ல, ஆனா கூட இருக்கறதெல்லாம் அதே வயசு, அதே சூட்டுல வெந்தது, மூணு மாசத்துல அடுத்தது போகும். முழு ஸ்ட்ரிப்பும் மாத்தினா செலவு பல மடங்கு. ரெண்டுமே நியாயமான ரேட்தான். அதோட அந்த ஸ்ட்ரிப்பை தொடணும்னா மேல இருக்கற பேனல் கண்ணாடிய தனியா தூக்கணும், 43 இன்ச், 55 இன்ச் கண்ணாடி பேப்பர் மாதிரி வளையும், கொஞ்சம் கோணலா தூக்கினா கிராக், ஓரத்துல இருக்கற மெல்லிசு ஃப்ளெக்ஸ் (ஒயர் பட்டை) கிழிஞ்சா ஸ்க்ரீன்ல கோடு. பேனல் விலை பல சமயம் புது டிவி விலைக்கு பக்கத்துல வந்து நிக்கும். ஆயிரத்து சில்லற வேலைக்கு கை வெக்கறவன் தலைல அவ்ளோ பெரிய ரிஸ்க் தொங்குது, அதை எஸ்டிமேட்ல எந்த வரில எழுதறது? யாரும் எழுதறதில்ல, கூலில சேத்துக்கறாங்க.

விட்டு விட்டு வர்ற கம்ப்ளைண்ட் இருக்கே, அது சாபம். வீட்ல ஆஃப் ஆகும், கடைல கொண்டாந்தா நாள் முழுக்க ஓடும். காலைல ஆறிப்போயிருக்கும்போது மட்டும் ஆன் ஆகாத டிவில எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காஞ்சிருக்கும், கெப்பாசிட்டன்ஸ் மீட்டர்ல சரியாவே காட்டும், அதோட உள் ரெசிஸ்டன்ஸை அளக்கற ஈஎஸ்ஆர் மீட்டர் வெச்சாதான் மாட்டும். இதுக்கெல்லாம் மணிக்கணக்குல காசு கேட்டா யாரும் தர மாட்டாங்க, தராததால பல கடைல எடுக்கவே மாட்டாங்க.

பழைய ஆளுங்க எல்லாம் பாத்ததுமே ரேட் சொன்னாங்களேன்னு வீட்ல பெரியவங்க சொல்வாங்க. உண்மைதான். டயனோரா, சாலிடேர்னு பழைய டிவி பிராண்டுங்க காலத்துல ஒரே சேசிஸ் (உள்ள இருக்கற மொத்த சர்க்யூட்) வருஷக்கணக்கா ஓடிச்சு, சர்க்யூட் டயக்ராம் கைல கெடைக்கும், கோடு மட்டும் வருதா, படம் சுருங்குதா, சப்ளையே இல்லையான்னு கேட்டே எந்த செக்‌ஷன்னு சொல்லிடலாம், பாதி செட்டுல பியூ208 டிரான்சிஸ்டரை மாத்தினா கதை முடியும். பார்ட்டும் எந்த கடைலயும் கெடைக்கும். இன்னைக்கு ஒரே பிராண்டுல ஒரே மாடல் பேர்ல ரெண்டு மூணு விதமான போர்டு வருது, வருஷத்துக்கு வருஷம் மாறுது. டயக்ராம், போர்டு வியூ ஃபைல் (எந்த பார்ட் போர்டுல எங்க இருக்குன்னு காட்டுறது) எதையும் பெரும்பாலான கம்பெனி வெளில தர்றதில்ல, எங்கயோ லீக் ஆனதை காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கோம். அது கெடைச்ச போர்டுக்கு ஒரு ரேட், கெடைக்காத போர்டுக்கு வேற ரேட், கஸ்டமருக்கு இது தெரியவே தெரியாது.

பார்ட்ஸ் விஷயமும் அப்படித்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, பெங்களூர் எஸ்பி ரோட்ல, டெல்லி நேரு பிளேஸ்ல பொதுவான ஐசி எல்லாம் கெடைக்கும், ஆனா அது புதுசா, சைனால ஸ்க்ராப் போர்டுல இருந்து கழட்டி பாலிஷ் போட்டு வந்ததா, மேல வேற நம்பர் அடிச்சதான்னு போட்டு பாத்தாதான் தெரியும். சில மாடல்ல ஈசி சிப்புக்கு உள்ளயே ப்ரோக்ராம் இருக்கணும், அதே நம்பர் சிப் வாங்கினாலும் வெறும் சிப் வேலைக்காகாது. மேக்புக் சார்ஜிங்ல வர்ற ஐஎஸ்எல்9240 மாதிரி சிப்பை கம்பெனி வெளி ஆளுக்கு விக்கறதே இல்ல, இன்னொரு செத்த போர்டுல இருந்து கழட்டித்தான் போடணும், அப்ப அதோட விலைங்கறது அன்னைக்கு ஸ்க்ராப் போர்டு எவ்ளோக்கு கெடைக்குதோ அதுதான்.

இன்னொண்ணு, ரிப்பேர் ஆச்சுங்கறதுக்கே ரேட்டுக்கு தகுந்த மாதிரி அர்த்தம் மாறும். 2008 வாக்குல வந்த லேப்டாப்ல என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு, அந்த கம்பெனியே வாரன்டி செலவுக்குன்னு 15 கோடில இருந்து 20 கோடி டாலர் வரைக்கும் ஒதுக்கறதா அறிவிச்சாங்க. ஃபால்ட் சிப்புக்கு உள்ள. ஆனா ஹாட் ஏர் வெச்சு சூடு காட்டினா விட்டுப்போன இணைப்பு தற்காலிகமா ஒட்டிக்கும், டிஸ்ப்ளே வந்துடும், கஸ்டமர் சந்தோஷமா காசு குடுத்துட்டு போவார். சில வாரத்துல திரும்ப போகும். சூடு காட்டுறவன் ரேட்டும் புது சிப் போடுறவன் ரேட்டும் ஒண்ணா இருக்க முடியுமா? ரெண்டு பேரும் "ரிப்பேர் பண்ணி தரேன்"னுதான் சொல்லுவாங்க. அதனால ரேட்டை மட்டும் ஒப்பிட்டு பாக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, எத்தனை நாள் கேரன்டிங்கறதையும் சேத்து கேக்கணும்.

இப்ப உங்க மூணு கடைக்கு வருவோம். 12,000 சொன்ன இடத்துல அனேகமா போர்டையே மாத்துறாங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர் எல்லாம் இப்படித்தான், எந்த பார்ட் போச்சுன்னு தேட மாட்டாங்க, போர்டு மொத்தமா கழட்டிட்டு வேற போடுவாங்க, தேடல் இல்லாததால ரேட்டை முன்னாடியே துல்லியமா சொல்ல முடியுது, அந்த துல்லியத்துக்கான விலையும் அதுலயே இருக்கு. 4,500 சொன்னவர் சராசரி போட்டிருக்கார். ஒரு கணக்குக்கு அவர்கிட்ட பத்து டெட் போர்டு வருதுன்னு வெச்சுக்கோங்க, சிலது அரை மணில முடியும், சிலது ரெண்டு நாள் இழுக்கும், மூணு சரியே ஆகாது. நம்ம ஊர்ல செக்கிங் சார்ஜ் கேட்டா "பாக்கறதுக்கே காசா"ன்னு சண்டைக்கு வருவாங்க, அதனால சரியாகாத மூணு போர்டுக்கு போன நேரத்தையும் சரியான ஏழு பேர் தலைலதான் வெக்கணும். வெறும் கெப்பாசிட்டர் போனவர் 4,500 குடுத்துட்டு ஏமாந்துட்டோம்னு நெனப்பார், ஈசி மாத்தி ப்ரோக்ராம் ஏத்தினவருக்கு அதே 4,500 லாபம். 800 சொன்னவர் ஒண்ணு ஜாக்கோ அடாப்டரோதான்னு நம்பி சொல்லியிருக்கார், இல்ல மெஷினை கடைக்குள்ள வர வெக்க சொல்லியிருக்கார். பிரிச்சு போட்டதுக்கு அப்புறம் "சார் ஐசி போயிருக்கு"ன்னு ஃபோன் வந்தா ரெண்டாவது வகை. உண்மையிலயே ஏமாத்துறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல, நல்ல பார்ட்டை கழட்டிக்கறவங்க, ரேமை தொடச்சு போட்டுட்டு ஐசி மாத்தினேன்னு பில் போடுறவங்க எல்லாம் உண்டு, தேடுற வேலை கஸ்டமர் கண்ணுக்கு தெரியாததாலதான் அவங்க பிழைப்பும் ஓடுது.

இதுக்கு சட்டத்துல என்ன வழி பண்ணியிருக்காங்கன்னு பாத்தா எனக்கு பிடிச்சது ஐரோப்பிய யூனியன் 2024ல கொண்டு வந்த ரிப்பேர் சட்டம். ரிப்பேர் கடைங்க குடுக்கறதுக்குன்னு ஒரு பொதுவான படிவம் வெச்சிருக்காங்க, அதுல ரேட் எழுதணும், ரேட்டை முன்னாடியே சொல்ல முடியலன்னா எப்படி கணக்கு போடுவோம்னும், அதிகபட்சம் இவ்வளவுக்கு மேல போகாதுன்னும் எழுதணும். அதை குடுத்துட்டா 30 நாளைக்கு மாத்தக்கூடாது. ஃபால்ட் கண்டுபிடிக்க ஆகற செலவை தனியா வாங்கிக்கலாம்னும் அதே சட்டம் சொல்லுது. யாரோ பெஞ்சுல உக்காந்து வேலை பாத்தவன்கிட்ட கேட்டுத்தான் இதை எழுதியிருக்கணும். நம்ம ஊர்லயும் 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, கம்பெனிங்க சர்வீஸ் சென்டர், வாரன்டி, ஸ்பேர் விவரம் எல்லாம் ஒரே இடத்துல போடறதுக்கு. நல்ல விஷயம்தான், ஆனா தெருமுனை கடைல போர்டு ரிப்பேருக்கு எவ்ளோன்னு அது சொல்லாது.

உங்க லேப்டாப்புக்கு நான் சொல்றது என்னன்னா, முதல்ல அதே வோல்டேஜ், அதே பின் இருக்கற வேற ஒரு அடாப்டரை தெரிஞ்சவங்ககிட்ட வாங்கி போட்டு பாருங்க, காசே செலவாகாம முடிஞ்சாலும் முடியும். முடியலன்னா 4,500 கடைக்கு போங்க, போய் ரேட்டை குறைக்கச் சொல்லி கேக்காதீங்க, செக்கிங்குக்கு 300, 400ன்னு தனியா குடுத்துடறேன், என்ன போச்சுன்னு பாத்து சொல்லுங்க, இவ்வளவுக்கு மேல போச்சுன்னா தொடாம கூப்பிடுங்கன்னு ஒரு லிமிட் சொல்லுங்க. என்னைக் கேட்டா அஞ்சு வருஷ மெஷினுக்கு 5,000த்தை தாண்டக்கூடாது. சரியாகலன்னா கூலி உண்டா இல்லையா, எத்தனை நாள் கேரன்டி, மாத்தின பார்ட்டை திருப்பி தருவாங்களான்னு கேட்டு பில்லுலயே எழுதி வாங்குங்க. பதில் சொல்லாம முறைச்சா வேற கடை பாருங்க. குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஃபைல் எல்லாம் இருக்கற எஸ்எஸ்டிய கழட்டி வீட்லயே வெச்சிடுங்க, பல மாடல்ல பின்பக்க கவரை திறந்தா ஒரே ஒரு ஸ்க்ரூதான், இந்த ஃபால்ட்டை தேட அது தேவையே இல்ல. பவர் வந்து டிஸ்ப்ளே வந்ததுக்கு அப்புறம் நீங்களே கொண்டு போய் போட்டு ஓட்டி பாத்துட்டு காசு குடுங்க.